கடல் பார்த்த அறை

ஜூன் 2
இன்று கீழே இறங்கியாயிற்று. கடற்கரை ஊரான எங்கள் ஸ்பிளிட்டில் கோடை என்றால் எங்கள் தெருவுக்கே இதுதான் வழக்கம்: கடல் பார்த்த மாடியை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நிலவறையில் அடைந்துகொள்வது. நான், என் கணவன் தோன்சி, அவனுடைய அப்பா பாஷ்கோ. வெயிலை விற்றுவிட்டு இருட்டில் குடியிருக்கும் புத்திசாலிகள்.

ஜூன் 11
முதல் கூட்டம் காலி செய்தது. என் படுக்கை விரிப்பு முழுக்க வெயிலுக்குப் பூசும் களிம்பின் பிசுக்கு. குளியலறைத் துவாரத்தில் ஒரு கொத்து முடி, எந்தத் தலையினுடையதோ. கையால்தான் எடுத்தேன்.
"உங்க ஊரு சொர்க்கம்ங்க" என்றாள் போகும்போது அந்த அம்மாள். சொர்க்கத்தைக் கழுவுவது யார்?

ஜூன் 24
காலையில் மாமா கூட்டாளிகளோடு கடற்கரையில் பந்து விளையாடினார். கணுக்கால் தண்ணீரில் ஓடி, பாய்ந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி, பந்து விழாமல். வயது எழுபத்தெட்டு. மாடியில் தங்கியிருப்பவர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஜூலை 3
அவர்கள் இணையத்தில் எழுதியிருக்கிறார்கள்: "வெளிச்சம் அருமை, கடல் அருமை. ஆனால் கீழே ஒரு கிழவர் காலையெல்லாம் இருமுகிறார்." ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். படம் எடுத்த அதே ஆட்கள்.
"கீழ ஒரே ஈரம். அதான் அப்பாவுக்கு இருமல்" என்றான் தோன்சி. "ஒசியெக்ல அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாமா? அங்க ஈரம் கெடையாது."
அங்கே கடலும் கிடையாது. ஆனால் நான் என்ன சொன்னேன்? "ரெண்டு மாசந்தானே, அனுப்பு." மூன்று நட்சத்திரம் எனக்கும் உறுத்தியது. சீ.

ஜூலை 5
மாமாவைப் பஸ் ஏற்றினோம். "என் படம் வேணும், நான் வேணாமாக்கும். சரிதான்" என்று சிரித்தார். பெட்டியில் நீச்சல் உடையை மடித்து வைத்திருந்தார் — எதற்கு?

ஜூலை 30
மாமா போனில்: "இங்க ஆறு இருக்கு, நெவென்கா. உன் நாத்தனா கால நனைக்கக்கூட விடமாட்டேங்கிறா." பிறகு வெகுநேரம் இருமினார். ஈரமாம், ஈரம்.

ஆகஸ்ட் 9
மறுபடியும் முடி.

ஆகஸ்ட் 17
தோன்சி போனைப் பார்த்து உரக்கப் படித்தான்: "பரிபூரண அமைதி." ஐந்து நட்சத்திரம். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எனக்கு அருவருப்பாக இருந்தது, அவனை நினைத்து மட்டுமல்ல, 'அனுப்பு' என்ற என் வாயையும் நினைத்து.
அவன் குளிக்கப் போனதும் எங்கள் வீட்டு விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "இங்கே என் மாமனார் இருக்கிறார். காலையில் இருமுவார்." பிறகு ஒசியெக்குக்குப் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 26
வருவதாக இருந்த மூன்று குடும்பங்களும் ரத்து செய்துவிட்டன. தோன்சி என்னோடு பேசுவதில்லை. நிலவறையில் தனியாகப் படுக்கிறான். மாடியை இரண்டு முறை வெந்நீர் விட்டுக் கழுவினேன். மாமா கடல் பார்த்த அறையில், ஜன்னலை அகலத் திறந்துவைத்து, தாராளமாக இருமுகிறார்.