வெள்ளிப்பொடி நிறைந்த பை

மாப்ள ராஜாங்கத்துக்கு,

கூப்பிட்டால் இன்னமும் "என்னடா" என்று திரும்பிப் பார்ப்பாய் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். இந்தச் சேதியை வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும். உனக்கென்றால் முதல் வரியிலேயே எல்லாம் புரிந்துவிடும்.

முதலில் நல்ல சேதி. ஆனையூரில் நம் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதே வேலைதான், வேக்குவம் கிளீனர் ரிப்பேர். உன் நாற்காலியில் இப்போது உன் பெண்டாட்டி செல்வி உட்காருகிறாள். உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் வந்து நின்றாள். "அண்ணே, வீட்டுல இருந்தா சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஸ்க்ரூவாச்சும் கழட்டுறேன், உள்ள விடுங்க" என்றாள். சக்கரம் வைத்து இழுக்கிற உருளை மாடல்களை அவள்தான் இப்போது பார்க்கிறாள். குழாயில் அடைப்பு எடுப்பாள், பில்டர் அலசிக் காயவைப்பாள், மோட்டாருக்குள் உரசித் தேய்ந்த கார்பன் பிரஷ் மாற்றுவாள். கை சுத்தம் உன்னைவிட அவளுக்கு அதிகம். கோபித்துக்கொள்ளாதே.

கெட்ட சேதி என்னைப் பற்றியது. எனக்குப் பயம் வந்துவிட்டது, மாப்ள. அன்றைக்கு மதியம் திறந்து வைத்த கிளீனர் மேல் நீ சாய்ந்தபோது நான் எதிரில்தான் இருந்தேன். அசதியில் கண்ணயர்ந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். தொட்டுப் பார்த்தபோதுதான் நெஞ்சு நின்றுவிட்டது தெரிந்தது. அதற்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் எதுவாவது சட்டென்று நின்றால் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோகிறது. பிளக்கைக் கையில் எடுத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. டெஸ்ட் பண்ணுகிற நேரம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து போய்விடுவேன். செல்விக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கப்பலூரிலிருந்து ஒருத்தர் பைக்கில் ஒரு கிளீனரைக் கட்டிக்கொண்டு வந்தார். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை, கதவுக்குக் கைப்பிடி செய்கிறார்களாம். இவர் அங்கே மேஸ்திரி. "ஆபீஸ் ரூம்ல ஓடுற மெஷின்தான் அண்ணே. சூடாகுது, நின்னு நின்னு ஓடுது. அவசரமில்ல, இதே மாதிரி இன்னொன்னு இருக்கு. அதை வச்சுச் சமாளிச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, போன் நம்பர் கொடுத்துப் போனார்.

அவர் போன கையோடு செல்வி அதை மேசையில் ஏற்றினாள். முதலில் சத்தத்தைக் கேட்போம் என்று பிளக்கைச் சொருகிவிட்டாள். விரல் சுவிட்ச் மேல் இருந்தது. வழக்கம்போல நான் எழுந்து வாசல் பக்கம் போனவன், என்ன தோன்றியதோ, திரும்பினேன். அந்த மெஷினின் சக்கரத்து இடுக்கில் ஏதோ மினுங்கியது. ஆபீஸ் ரூம் தூசி மினுங்குமா?

"செல்வி, இரு. போடாத."

"என்னண்ணே, சும்மா சத்தம் கேக்கத்தான..."

"கைய எடும்மா!"

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டாள். சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிளீனரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வேப்பமரத்தடியில் வைத்தோம். மூடியை மெதுவாகத் திறந்தேன். தூசிப் பை பிதுங்கிக்கொண்டு இருந்தது. உள்ளே மண் இல்லை, முடி இல்லை, காகிதத் துணுக்கு இல்லை. மாவு போல நைசாக, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பொடி. விரலில் தொட்டேன், ரேகைக்குள் ஏறி ஒட்டிக்கொண்டது. அலுமினியம்.

நீ பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அலுமினியத்தைத் தேய்த்தால் பறக்கிற பொடி வெடிமருந்துக்குச் சமம், ஒரு பொறி போதும் என்பாய். வீட்டு மெஷினின் மோட்டாரில் கார்பன் பிரஷ் ஓடும்போதெல்லாம் பொறிதானே மாப்ள? பை பிதுங்கி, பில்டரையும் தாண்டி, மோட்டார் வரைக்கும் அந்தப் பொடி போயிருந்தது. செல்வி சுவிட்சை அழுத்தியிருந்தால்? மரத்தடியில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

அவளுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. "அண்ணே, இன்னொன்னு இருக்குன்னாரே. அது இப்ப எங்க ஓடுது?"

மேஸ்திரிக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் போகிற மனுஷன் எப்படி எடுப்பார்? பட்டறை நம்பர் நம்மிடம் இல்லை. "நீ விடாம அடிச்சுக்கிட்டே இரு. நான் போறேன்" என்று வண்டியை எடுத்தேன். போறேன் என்று வாய்தான் சொன்னது. மூன்றாவது தடவைதான் சாவி துவாரத்தில் நுழைந்தது.

காளவாசல் சிக்னலில் நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன் மாப்ள. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அங்கே போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தால் நான் எதைப் பார்க்க வேண்டியிருக்கும்? இல்லை, நான் உள்ளே போகிற நேரம் பார்த்து வெடித்தால்? பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி தானாக முன்னால் போனது. திருநகர் தாண்டும்போது செல்வி கூப்பிட்டாள். மேஸ்திரி போனை எடுத்துவிட்டாராம். வழியில் டீக்கடையில் இருந்தாராம். "'தூசிதானம்மா, இதுக்கு எதுக்குப் பதறுறீங்க'ன்னு சிரிச்சாருண்ணே. பட்டறைக்குச் சொல்லி நிறுத்துங்கன்னேன், கேக்கல" என்றாள். பட்டறை எந்தத் தெருவில் என்பதையும், அந்த மெஷின் பாலிஷ் ரூமில்தான் ஓடுகிறது என்பதையும் மட்டும் அவரிடமிருந்து வாங்கிவிட்டாள்.

பட்டறை வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். சத்தம் கேட்டது. நம் காதுக்குத் தெரியாத சத்தமா? சீராக இல்லை, திக்கித் திக்கி ஓடியது. பாலிஷ் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே வாயில் துணி கட்டிய ஒரு பெண், பின்னால் மெஷினை இழுத்தபடி, தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மெஷின் வாசலை ஒட்டி நின்றது. அதன் பின்பக்கக் கம்பியிடுக்கில் லேசாகப் புகை வந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

எனக்குக் கால் நகரவில்லை. மெஷினில் இருக்கிற சுவிட்சைத் தொட்டால் பொறி வரும், தொடக்கூடாது என்று மட்டும் புத்தி சொன்னது. கதவுக்கு வெளியே சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. கையை நீட்டினேன். அது என் கை மாதிரியே இல்லை. இழுத்துவிட்டேன். மோட்டார் முனகி அடங்கியது. லைட்டும் போனது.

"கரண்ட் போச்சா?" என்று திரும்பினாள் அந்தப் பெண்.

"அப்படியே போட்டுட்டு வெளிய வாங்கம்மா. வாங்க, சீக்கிரம்."

"நீங்க யாரு? வேலை முடியலைன்னா ஓனர் வைவாரு."

"நான் அவருகிட்டச் சொல்லிக்கிறேன். உங்க கால்ல வேணாலும் விழுறேன், வாங்கம்மா."

காலில் விழுகிறேன் என்றதும்தான் அவளுக்கு ஏதோ புரிந்தது. குழாயை விட்டுவிட்டு வந்தாள். முற்றத்தைத் தாண்டி நாங்கள் கேட் பக்கம் போவதற்குள் பின்னால் 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். திரும்பினேன். உள்ளே புகைந்துகொண்டிருந்த பொடி பற்றிவிட்டது, ரூம் முழுக்க வெள்ளை வெளிச்சம். கண்ணை மூடிய பிறகும் அது தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து முற்றத்தில் விழுந்தது.

எங்கிருந்தோ ஒருத்தர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் குறுக்கே போய் விழுந்தேன். "தண்ணி வேண்டாம்ணே! ஊத்தினா இன்னும் எரியும்! யாரும் உள்ள போகாதீங்க!" தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்து, எரிவது அலுமினியப் பொடி என்று முதலிலேயே சொன்னோம். அவர்கள் வந்து காய்ந்த மணலைக் கொண்டு மெதுவாக மூடினார்கள். கூரை கருகியது, சுவர் விரிசல் விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் முத்துமாரி. வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்க்காமலே கேட் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தீ அடங்கிய பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, எம்மக பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற நேரம். நான் வீட்டுக்குப் போகலாமா?"

அதுவரை தாங்கியவன் அப்போது அழுதேன், மாப்ள. அம்புட்டுப் பேர் முன்னால்.

செல்வி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். என்னைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை அவளே ஓட்டினாள். "கடைய மூடிருவோம்மா. என்னால முடியல. பிளக்கத் தொட்டாலே பயமா இருக்கு" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியும்ணே. டெஸ்ட் போடும்போதெல்லாம் தண்ணி குடிக்கப் போறீங்களே, எம்புட்டுத் தண்ணிதான் குடிப்பீங்க?" என்றாள். பிறகு, "அவரு அன்னிக்குக் காலையில நெஞ்சத் தடவிக்கிட்டே இருந்தாரு. என்னன்னு கேட்டேன். ஒன்னுமில்லன்னாரு. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன்ல?" என்றாள்.

உனக்குப் பயமாக இருந்ததா மாப்ள? எங்களிடம் ஏன் சொல்லவில்லை? நாங்கள் பயந்துவிடுவோம் என்றா?

கடையை மூடவில்லை. இப்போது எந்த மெஷின் வந்தாலும் பிளக் சொருகுவதற்கு முன்னால் வெளியே வைத்துப் பையைத் திறந்து பார்க்கிறோம். "எங்க வச்சு இழுத்தீங்க? என்ன இழுத்தீங்க?" என்று செல்வி போலீஸ் மாதிரி கேட்கிறாள். வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மேஸ்திரி ஒருநாள் வந்து, உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றார். செல்வி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கப்பலூரில் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள், தங்கள் மெஷின்களையும் வந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். செல்வி என்னைக் கேட்காமலே வாரோம் என்று சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் போகிறோம். எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. அவளிடம் அதைச் சொல்லியும்விட்டேன். "எனக்கும்தாண்ணே. சாப்பிட்டுப் போவோம்" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்தப் பட்டறையானாலும் அவள் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் நான் மெயினை இறக்கியிருப்பேன். பயமாக இருந்தாலும் இறக்குவேன்.

செல்விக்கு அண்ணன், ஆகவே என்றைக்கும் உனக்கு மச்சான்,
பழனி