மாதா கெபி முனை வரைக்கும் ஹெல்மெட்

மைனி,

இன்று காலை உங்கள் ஹெல்மெட்டைத் தலையில் வைக்கப் போனபோது உள்ளே இருந்த பஞ்சிலிருந்து உங்கள் வாசம் வந்தது. தேங்காய் எண்ணெயும், கம்பெனியில் கை முக்கச் சொல்லும் குளோரின் தண்ணீரும் கலந்த வாசம். மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போன பிறகு அண்ணன்தான் இதை என்னிடம் கொண்டுவந்தார். "அவ சாமான்ல ஒனக்கு ஆகுறது இதுதான். ரோட்டுல பாத்துப் போளா" என்றார்.

நாம் இருவரும் முத்தையாபுரம் இறால் கம்பெனிக்குச் சைக்கிளில் போன காலம். நீங்கள் உங்கள் தெருவிலிருந்து வருவீர்கள், நான் என் தெருவிலிருந்து வருவேன். மாதா சொரூபம் வைத்த கெபி முனையில் சேர்ந்துகொண்டு துறைமுக ரோட்டில் ஏறுவோம். ஒருநாள் உப்பு லாரி ஒன்று உங்கள் ஹேண்டில்பாரை உரசிவிட்டுப் போக, நீங்கள் உப்பளத்து வரப்பில் விழுந்தீர்கள். முழங்கை தேய்ந்ததோடு சரி. நானாக இருந்தால் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு மறந்திருப்பேன். நீங்கள் மறுவாரம் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்து நின்றீர்கள்.

நம் ஊரில் சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டவர் யார்? பைக் வைத்திருப்பவனே அதை டேங்கில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, போலீஸைக் கண்டால்தான் மாட்டுவான். பின்னால் பைக்கில் வந்த ஒருவன் உங்கள் தலையைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன்னுடையதை மாட்டிக்கொண்டு, "அக்கா, முன்னால செக்கிங்கா?" என்று கேட்டான். சிரிப்பு தாங்காமல் நீங்கள் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மானம் போயிற்று.

கம்பெனி வாசலில் பிள்ளைகள், "ராக்கெட் எப்பக்கா கெளம்புது?" என்பார்கள். "ஒரு சீட்டு காலி கெடக்கு, வாறியாளா?" என்பீர்கள் நீங்கள். நான் அதற்குள் சைக்கிளை ஷெட்டின் அடுத்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். ரோட்டிலும் உங்களோடு ஒட்டி வரமாட்டேன். போகும்போது எதிர்க்காற்று என்று பின்தங்குவேன், திரும்பும்போது காற்று தள்ளுகிறது என்று முந்திப்போவேன். பாவம், கடற்காற்று.

ஒருநாள் கேட்டேவிட்டீர்கள். "இறால்ல முடி விழக் கூடாதுன்னு நாள் பூரா வலைத்தொப்பி போடுதோம். அதுக்கு வெக்கம் இல்ல. நம்ம மண்டைக்குன்னு ஒண்ணு போட்டா வெக்கமாளா?"

"அது எல்லாரும் போடுறது. இது நீங்க மட்டும் போடுறது. என்கூட வரும்போது வேண்டாமே மைனி" என்றேன்.

மறுநாளிலிருந்து ஹெல்மெட் முன்கூடையில் கிடந்தது. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மறுபடி பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம், ஊர்க்கதை எல்லாம் பேசினோம்.

ஹெல்மெட் என் கைக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் எனக்குள் ஒரு வழக்கு. போடவா, வேண்டாமா? போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்புவேன். கெபி முனை வந்ததும், டீக்கடைக் கண்கள் திரும்பும் முன்னே, கை தானாகத் தாடைக்குப் போய்விடும். முந்தாநாள் அப்படிக் கழற்றும்போது டீ கிளாஸோடு அண்ணன் எதிரே வந்துவிட்டார்.

"ஏன் கழட்டுத?"

"மாதா முன்னால எப்பிடி தொப்பியோட..." என்று இழுத்தேன். மாதாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"அவளும் இங்கனதான் கழட்டுவா" என்றார் அண்ணன். "மாதாவுக்காவ இல்ல, ஒனக்காவ. வீட்டுல இருந்து மாட்டிட்டு வருவா, நீ வாறதுக்குள்ள கழட்டிக் கூடையில போட்டுருவா. சாயங்காலம் நீ ஒங்க தெருவுக்குள்ள திரும்புனதும் மறுபடி மாட்டிக்கிடுவா. நான் ஏசுனா, 'சின்னப்பிள்ள கணக்கா வெக்கப்படுதா, போவட்டும்'னு சொல்லுவா."

மைனி, உங்கள் தெருவில் உங்களை இடிக்க என்ன இருக்கிறது? கோழியும் ஆடும்தான். கோழி குறுக்கே ஓடும் தெருவில் ஹெல்மெட் போட்டீர்கள். கண்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் எனக்காக வெறுந்தலையோடு வந்தீர்கள். அந்த ரோட்டில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, காய்ச்சல்தான் கொண்டுபோனது. அது என் சாமர்த்தியம் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடவும் வழியில்லை. தினமும் காலையில் உங்கள் தாடைக்குக் கீழே வார் அழுத்திய சிவப்புத் தடம் புதிதாகத்தானே இருந்தது? பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் போட்டுக்கொள்வீர்களே என்று பயம். இதை எழுதவே கூசுகிறது.

இன்று முனையில் நான் கழற்றவில்லை. தாடைக்குப் போன கையை மேலே கொண்டுபோய்ச் சிலுவை போட்டேன். விரல் நெற்றிக்குப் பதிலாக ஹெல்மெட்டில் இடித்தது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். முகம் எரிந்தது. வெட்கம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

உப்பளம் தாண்டும்போது பின்னால் ஒரு பைக் வேகம் குறைந்தது. டேங்கில் இருந்ததை அவசரமாக மாட்டிக்கொண்டே ஒரு பையன் கேட்டான், "அக்கா, முன்னால செக்கிங்கா?"

"ஆமா, நிக்காவ. கழட்டிராத" என்றேன்.

சிரிக்கலாம் என்று உங்கள் பக்கம் திரும்பினேன். உப்புதான் குவிந்து கிடந்தது.

வாரை நான் தளர்த்தவில்லை, மைனி. உங்கள் அளவு எனக்குக் கொஞ்சம் இறுக்கம். தாடைக்குக் கீழே தடம் விழுகிறது. விழட்டும்.