நீலக் கேற் போட்ட வீடு

நெளுக்குளம்,
வவுனியா.
18.11.2006

அன்புள்ள தம்பி நிரஞ்சனுக்கு,

அக்கா ஞானேஸ்வரி எழுதுவது. நானும் அத்தானும் பிள்ளைகள் இருவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை ஓடவில்லை. நீயாவது அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

உன் கடிதம் கிடைத்து ஒன்பது நாளாகிறது. முதல் தரம் வாசித்தபோது விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியது, அதன் பிறகு சோறு இறங்கவில்லை. நீ வேலை செய்கிற கலியாண சேவைக்காரர் தங்கள் கொம்பியூட்டரில் உள்ள படிவங்களை எல்லாம் வேறொரு நாட்டு அரசாங்கத்துக்கு விற்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்த நாடு என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதும் நல்லதுதான். வன்னிச் சனத்தின் கலியாணக் குறிப்பு வேறு யாருக்குத் தேவைப்படப் போகிறது?

அந்தப் படிவங்களை நிரப்பியவள் நான் அல்லவா, தம்பி! சமாதானம் வந்து பாதை திறந்த புதிதில், ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, வட்டக்கச்சி, பூநகரி, முல்லைத்தீவு என்று வீடு வீடாகப் போய்க் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக் குடித்து எழுதியவை இருநூற்றுப் பன்னிரண்டு. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி உனக்கு அனுப்பினேன். நீ இருந்து கொம்பியூட்டரில் அடித்தாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து பத்தொன்பது கலியாணம் ஒப்பேற்றினோம் என்று எவ்வளவு பெருமைப்பட்டோம்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணம் செய் என்பார்கள். என் தொழிலில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஒளித்தால் தாலி ஏறின பிறகு வெளியே வரும், பெட்டை கண்ணீரோடு திரும்பி வருவாள் என்று எல்லா வீட்டிலும் சொல்வேன். அதனால் சகோதரர் விபரம் என்கிற இடத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். யார் படிப்பை விட்டுச் சண்டைக்கென்று காட்டுக்குப் போனது, எத்தனை வருடம் இருந்தது, எப்போது விலகி வந்தது, இப்போது எங்கே என்ன வேலை. அந்த நேரம் அது குடும்பத்துக்கு மரியாதை. அப்படி ஒரு பிள்ளை இருப்பதை எழுதாமல் விட்டால் தாய்மார் கோபித்தார்கள். இப்போது அந்த ஒரு சொல்லை உனக்கு எழுதவே எனக்குக் கை வரவில்லை.

வீட்டு அடையாளம் என்றொரு வரியையும் நான்தான் என் புத்தியில் சேர்த்தேன். இங்கே எந்த வீட்டுக்கு நம்பர் இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் வந்து வெயிலில் அலையக் கூடாது என்று, இன்ன மரம், இன்ன நிற வாசல் கேற், இன்ன கடைக்குப் பின்னால் என்று வடிவாக எழுதிக் கொடுத்தேன்.

முதலாம் நம்பர் படிவம் யாருடையது என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு மாதிரி காட்ட வேண்டும் என்று பெற்ற மகள் சுமித்திராவுக்காக நானே நிரப்பியது. அதில் அவளுடைய தமையனைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. அவன் பெயரை நான் எழுத மாட்டேன். வாசலில் ரேடியோ திருத்திக்கொண்டிருக்கிறான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவனை உள்ளே போகச் சொல்கிறேன். இந்த மாதம் மட்டும் வவுனியாவில் எத்தனை வீட்டில் ஒப்பாரி என்று நீ அங்கே செய்தியில் கேட்டிருப்பாய்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆட்களின் சொந்த விபரங்களை வேறு நாட்டு அரசாங்கங்களுக்கு விற்கக் கூடாது என்று உங்கள் பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டு வருகிறார்கள் என்கிறாய். ஆனால் எழுதி வைத்திருக்கிறபடி அது அந்த நாட்டில் குடியிருப்பவர்களின் விபரத்துக்கு மட்டும்தான். விபரம் அங்கேயும் ஆள் இங்கேயும் இருந்தால் சட்டம் காக்காது. அதை மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தை ஆராய்கிற குழுவின் முன்னால் ஒரு குடும்பத்தின் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கு அந்தக் குடும்பம் பெயர், விலாசம், கையெழுத்தோடு சம்மதம் தர வேண்டும் என்கிறாய்.

மாட்டேன். பெயர் வெளியே போனதென்று நடுங்குகிறவளிடம் இன்னொரு தரம் பெயர் எழுதித் தா என்கிறாய். உனக்கு விசரா? நீயும் அங்கே போய் ஒன்றும் பேசாதே. உன் முதலாளி உன்னை வேலையால் நிறுத்துவார், விசாவிலும் கை வைப்பார்கள். உனக்கு ஒன்று என்றால் ஓடி வர அங்கே யார் இருக்கிறார்கள்? சட்டம் செய்கிறவர்கள் செய்யட்டும். நாங்கள் சுருண்டு கிடப்போம்.

என்னிடம் உள்ள கார்பன் பிரதிகளை எல்லாம் குசினி அடுப்பில் போடப் போகிறேன். ரெலிபோன் எடுக்காதே. இதைத் துணி எடுக்கக் கொழும்புக்குப் போகிற கைருன்னிஸா சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டு போய் அங்கே தபாலில் போடுவாள். நம் சந்தியில் துணிக்கடை வைத்திருக்கிறவள், தங்கமான மனுசி.

கடவுள் உன்னை வாய் திறக்காமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஞானேஸ்வரி


நெளுக்குளம்,
21.01.2007

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் பொங்கினோம், பால் பொங்கியது, அவ்வளவுதான். நடந்ததை உடனே சொல்ல வேண்டும்.

மீனம்மாவை உனக்கு எழுதியிருக்கிறேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தவள். அவளுடைய மகளுக்கு நம் படிவத்தால்தான் ஜெர்மனி மாப்பிள்ளை அமைந்தது. மகனும் ஒருவன் இருக்கிறான், நம் மூத்தவனைப் போலத்தான், போய்த் திரும்பி வந்தவன். அவனைப் பற்றியும் படிவத்தில் எழுதியிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் கைருன்னிஸாவின் கடைக்கு முன்னால் வந்து நின்றார்களாம். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. பேச்சியம்மா கடைக்குப் பின்னால் நீலக் கேற் போட்ட வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "நீலக் கேற் ஒண்டும் இந்தப் பக்கம் இல்லையே தம்பி, எல்லாம் பச்சையும் தகரமும்தான்" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அந்த ஒழுங்கையில் இரண்டு தரம் மேலும் கீழும் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள்.

கைருன்னிஸா இதை என்னிடம் சும்மா ஊர்ப் புதினமாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு ஓடிப் போய் அலுமாரியைத் திறந்தேன். நல்ல காலம், பிரதிகளை எரிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். முப்பத்தோராம் நம்பர், மீனம்மா வீடு. என் கையெழுத்தில் இருக்கிறது: பேச்சியம்மா கடைக்குப் பின்னால், நீலக் கேற்.

அந்தக் கேற் நீலமாக இருந்தது நான் எழுதிய அன்றைக்கு. மகளின் கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது அதற்குப் பச்சைப் பெயின்ற் பூசினார்கள். இரண்டு வருடமாகப் பச்சைதான். இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் பச்சைக் கேற் என்றுதான் சொல்வார்கள். நீலம் என்று சொல்ல என் படிவம் ஒன்றால்தான் முடியும்.

மீனம்மாவின் பெடியன் அப்போது அந்தப் பச்சைக் கேற்றுக்கு உள்ளே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். இப்போது அவனை ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மீனம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. அவள் ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பொய் சொல்லி எழுதியிருக்கலாமேக்கா, நீங்க சொன்னா நாங்க என்ன வேணாம்னா சொல்லியிருப்போம்" என்று மட்டும் கேட்டாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

நெளுக்குளத்திலும் சுற்று வட்டாரத்திலும் என் படிவம் போன வீடு முப்பத்தெட்டு. பிரதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போகிறேன். உங்கள் கேற்றின் நிறத்தை மாற்றுங்கோ, பெயர்ப் பலகையைக் கழற்றுங்கோ, அந்த வாழையைத் தோண்டி வேறு பக்கம் வையுங்கோ என்று சொல்கிறேன். சில பேர் சிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். வேறு ஒரு வீட்டில், கலியாணம் பேச வந்த வாயால் இதையும் பேசுகிறாயே என்று அழுதார்கள். ஆனாலும் நான் போன வீட்டார் எல்லோரும் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார்கள்.

வட்டக்கச்சிக்கு யார் போய்ச் சொல்வது? பூநகரிக்கு? ஓமந்தைக்கு அப்பால் பாதை பூட்டி ஐந்து மாதம். அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளின் பிரதிகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அவர்களுடைய தேத்தண்ணியையும் குடித்தேனே, தம்பி. பயமாக இருக்கிறது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்கா


நெளுக்குளம்,
26.02.2007

என் அன்புத் தம்பி நிரஞ்சனுக்கு,

உன் பதில் கிடைத்தது. என் சொல்லைத் தட்டாமல் வாய் திறக்காமல் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். குழுவின் கடைசிக் கூட்டம் பங்குனி நடுவில் என்றும், அதற்குப் பிறகு சட்டம் உள்ளபடியே போய்விடும் என்றும் ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருக்கிறாய். சின்னதாக எழுதினால் அக்காவின் கண்ணுக்குப் படாது என்று நினைத்தாயோ?

பேசு. நான்தான் வேண்டாம் என்றேன், நானே சொல்கிறேன், பேசு. இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் சம்மதம் எழுதி, முழுப் பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். முதலாம் நம்பரை வாசி. வேறு எவருடையதையும் வாசிக்காதே. சகோதரர் விபரத்தையும் வாசி, அது இல்லாவிட்டால் நாங்கள் எதற்குப் பயப்படுகிறோம் என்று அவர்களுக்கு விளங்காது. பெயரை மட்டும் விட்டுவிட்டு ஒரு மகன் என்று சொல்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நாளைக்கே சட்டம் வந்தாலும் விற்றது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் போன கிழமையும் இந்த ஊருக்கு ஒரு பெட்டை வந்தாள், படித்த பிள்ளை, நல்ல சிரிப்பு. வெளிநாட்டு உதவி என்று சொல்லி வீடு வீடாகப் படிவம் நிரப்பினாள். யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எங்கே. சனம் கதிரை போட்டு இருத்தி எல்லாவற்றையும் சொல்கிறது. அவளைப் பார்க்க என்னைப் பார்த்தது போல இருந்தது. அவளும் கெட்டவள் இல்லை. அந்தத் தாள்கள் எந்த நாட்டுக் கொம்பியூட்டருக்குப் போகும் என்று அவளுக்கும் தெரியாது. அதற்காகத்தான் பேசச் சொல்கிறேன். ஆள் எங்கே இருந்தாலும் ஆள்தான் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி போடச் சொல். மீனம்மாவின் கேற்றைப் பற்றியும் சொல், பெயர் சொல்லாமல்.

உனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. பயத்தோடுதான் எழுதுகிறேன். வேலை போனால் போகட்டும், கை கால் இருக்கிறது, பிழைப்பாய்.

மூத்தவன் இப்போது வீட்டில் இல்லை. எங்கே என்று உனக்கும் எழுத மாட்டேன். கோபிக்காதே. ஊரார் வீட்டு விபரம் எல்லாம் எழுதியவள் சொந்தப் பிள்ளை இருக்கிற இடத்தை எழுதாமல் விடுகிறாள் என்று நினைத்துக்கொள். சுமித்திரா தமையனின் ரேடியோக்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

முதலாம் நம்பரில் வீட்டு அடையாளமாக நான் எழுதியது வாசலில் நிற்கிற செவ்விளநீர் மரம். அதையும் வெட்டிவிட்டோம். காய்க்கிற மரத்தில் கத்தி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அத்தான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "சரி, பிள்ளையை விடவா மரம் பெரிசு?" என்று சொல்லிவிட்டுத் தானே கோடரியை எடுத்தார். விழுந்தபோது அதில் பதினேழு காய் இருந்தது. அயலில் எல்லோருக்கும் கொடுத்தேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அடியையும் தோண்டி எடுத்து, மண் போட்டு, மேலே கத்தரி வைத்திருக்கிறேன்.

ஊரே இப்போது வேறு மாதிரி இருக்கிறது. கேற்றெல்லாம் நிறம் மாறிவிட்டது. யார் வந்து எந்த வீட்டைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். பேச்சியம்மாவின் சம்பந்தி மன்னாரிலிருந்து பலகாரச் சட்டியோடு வந்து, இரண்டு மணித்தியாலம் சுற்றிவிட்டு, வீடு பிடிபடாமல் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். வேறு காலமென்றால் சிரித்திருப்பேன்.

கார்பன் பிரதிகளை நேற்று எரித்தேன். இனி அந்த விபரங்கள் என்னிடம் இல்லை. அங்கே மட்டும்தான் இருக்கின்றன.

சம்மதத் தாளின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருக்கிறேன். அந்தக் குழுவில் இருப்பவர்கள் கறை என்று நினைக்கப் போகிறார்கள். நல்ல காரியத்துக்குப் போகிற தாள் என்று அவர்களுக்குச் சொல். நீ பேசுகிற நாளில் நான் விரதம் இருப்பேன். பிள்ளையார் உன் நாவில் நிற்கட்டும்.

என்றாவது ஒரு நாள் நீ ஊருக்கு வருவாய். அப்போது செவ்விளநீர் மரத்தைத் தேடிக்கொண்டு வராதே. எங்கள் வீட்டைப் பற்றி யாரிடமும் கேட்காதே, கேட்டாலும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். சந்தியில் பஸ்ஸால் இறங்கி, கைருன்னிஸாவின் கடைக்கு முன்னால் ஒன்றும் பேசாமல் நில். உன் முகம் எனக்குத் தெரியும். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் அக்கா
ஞானேஸ்வரி