கண்ணாடிக்குப் போட்ட கையெழுத்து

12.8.2009, புதன்

இன்று நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

சுரங்கக் கம்பெனி எங்கள் பள்ளியில் இலவசக் கண் முகாம் நடத்தியது. கண்ணாடி வாங்குகிறவர்களின் பெயர்களை எழுத என்னை உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவரும் பெயருக்கு எதிரே கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். அப்பாவும் போட்டார். "எம்பொண்ணு எழுத்தப் பாரு மச்சான், அச்சடிச்ச மாதிரி" என்று செல்வம் மாமாவிடம் பெருமைப்பட்டார். "நல்லவேளை, ஒன்ன மாதிரி கோழி கிண்டல" என்றார் மாமா.

முடிந்தபின் தாள்களை அடுக்கும்போதுதான் முதல் தாளைப் படித்தேன். 'சுரங்கத்துக்கு நிலம் கொடுக்கச் சம்மதிப்பவர்கள்' என்று இருந்தது. முகாம் சாரிடம் கேட்டேன். "அது பழைய பேப்பரு பாப்பா. போயி பிஸ்கட் வாங்கிக்க" என்று பிடுங்கி, நான் எழுதிய தாள்களுக்கு மேலேயே வைத்துக் கிளிப் போட்டார்.

எங்களுக்கு இருப்பது ஒரு காணிதான். கம்பெனி ஆட்கள் எத்தனை முறை கேட்டும் அப்பா தர மறுத்தவர். அவர் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புதுக் கண்ணாடியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிட்டேன். விடிவதற்குள் அந்தத் தாள்கள் யார் கைக்குப் போகுமோ.

அப்பா விளக்கை அணைத்துவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.