இருபதிலிருந்து பின்னால் எண்ணுதல்

செப். 8, திங்கள்

விடியும்போதே காற்று. முருங்கைக் கொப்பு ஒன்று ஒடிந்து கிணற்றடியில் கிடக்கிறது. எடுத்துப் போடவில்லை.

காலை ஜெபம். பிள்ளைகளை வழக்கப்படி வரிசையாகச் சொன்னேன். மகள் வயிற்றுப் பேத்தி ஷைனி: நர்சிங் முதல் வகுப்பு, இப்போது ஜெர்மன் மொழிப் பரீட்சையும் பாஸ். அவள் தம்பி அபினேஷ்: டிப்ளமோ, முதல் நேர்காணலிலேயே கப்பலில் வேலை. மகன் ஜெயசிங்கின் மகள் ஜெனி: மஸ்கட்டில் மூன்றாம் வகுப்பு, வேத வசனப் போட்டியில் முதல் பரிசு, மனக்கணக்கில் இரண்டாம் பரிசு. நானும் ஐந்தாம் வகுப்பில் முதல். அதோடு நிறுத்திவிட்டார்கள், அது வேறு. இந்த வீட்டில் பரீட்சையில் தோற்றவர் கிடையாது. போன வாரம்வரை.

வீட்டுக்காரர் போன பிறகு சோறு இரண்டு தடவை கரிந்தது. ஒருநாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. ஜெயசிங்தான் அடித்தது. மறதி வியாதி என்று முடிவு கட்டி நாகர்கோவிலில் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தான்.

டாக்டரம்மா சின்னப் பெண். இந்த ஊர்க்காரி இல்லை. தேதி கேட்டாள், கிழமை கேட்டாள், சொன்னேன். இருபதிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னாள். நான்கு, மூன்று, இரண்டு, லாபம் என்று முடித்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி."

மறுபடியும் அதே.

"ஒண்ணு எங்க பாட்டி?"

நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம் என்றேன். அவர் களத்தில் அளவுக்காரர். வீட்டிலும் அரிசியானாலும் தேங்காயானாலும் அப்படித்தான் எண்ணினோம், வாய் பழகிவிட்டது என்றேன். "இங்க நெல் இல்லையே பாட்டி" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். 17-ஆம் தேதி புதன்கிழமை திரும்ப வர வேண்டும். அதுவரை சின்னப் பிள்ளைகள் போடுகிற கணக்கெல்லாம் போட்டுப் பழக வேண்டும்.

அன்று ராத்திரி ஜெயசிங் போனில் சொன்னது: "அம்மா, அடுத்த வாட்டியும் இப்பிடியே வந்துதுன்னா வீட்டப் பூட்டிருவோம். நாகர்கோயில்ல நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர் உண்டு, லிஃப்ட் உண்டு."

"எனக்கு எதுக்கு மக்கா லிஃப்ட்?"

அவனுக்கும் கஷ்டம்தான்.

செப். 9, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. துணி உலர்ந்துவிட்டது, மடிக்கவில்லை.

ஜெனி அவளுடைய பள்ளிக் கணக்குத் தாள்களைப் போனில் அனுப்பினாள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எடுத்தேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு கால்குலேட்டர் படம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. கடைப் பையன் "பேத்தி லீவுக்கு வந்திருக்காளா பாட்டி?" என்றான். ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியவில்லை.

கூட்டல் ஒரு பக்கம். எல்லாம் சரி.

12 பலூனில் 5 பறந்துவிட்டன, மீதி எத்தனை? 7. எங்கே பறந்தன என்று கேட்கவில்லை.

பால்காரனிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். போன மாதமே சொல்லியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் வந்துகொண்டே இருக்கிறது, உறை ஊற்றுகிறேன், புளிக்கிறது, வாழைக்கு ஊற்றுகிறேன்.

செப். 10, புதன்

ஜெனி வீடியோவில் வந்து தாள் திருத்தினாள். முகத்தில் டீச்சர் களை.

403-இல் 178 போக 225. நான் மேலே பத்து சேர்த்துக் கீழே ஒன்று கூட்டிக் கழிப்பேன். எங்கள் வாத்தியார் அப்படித்தான் சொல்லித்தந்தார்.

"பாட்டி, ஆன்சர் கரெக்ட். ஸ்டெப்ஸ் தப்பு. மேல உள்ள நாலை வெட்டி மூணு ஆக்கணும்."

"எதுக்கு மக்கா வெட்டணும்? அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"அது பக்கத்து வீட்டுக்குக் கடன் குடுத்திருக்கு பாட்டி. அப்போ அதுக்குக் கொறயும்லா?"

யோசித்தால் நியாயம்தான். வெட்டினேன். ஸ்டிக்கர் கிடையாதாம், பாதி நட்சத்திரமாம்.

பேசும்போது பார்த்தேன், முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. அலமாரியில் இருக்கிற போட்டோவில் ஓட்டைப் பல். அதே போட்டோ இன்னொன்று அவருடைய வேதப்புத்தகத்தில், சங்கீதத்தில் வைத்திருந்தார். எந்தப் பிள்ளை போட்டோ வந்தாலும் இரண்டு வரும். ஒன்று அலமாரியில் எல்லாரும் பார்க்க, ஒன்று எனக்கு என்பார். அந்தப் புத்தகத்தை எடுக்கவில்லை. தூசி தட்ட மட்டும்.

செப். 12, வெள்ளி

வெயில். கன்னிப்பூ நெல் அறுப்பு. பெரிய பத்து வயலில் மெஷின் ஓடுகிற சத்தம் காலை முழுக்க. மூட்டையாகக் கட்டி எடை போட்டு லாரியில் போகிறது.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. டாக்டரம்மா இதையும் கேட்பாள். 93, 86, 79, 72, 65. முற்றம் பெருக்கும்போது சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லை. அப்படியே இறங்கிப் போனால் 16, 9, 2. இரண்டில் நின்றுவிடுகிறது. ஒன்றுக்கு வர வேண்டியதே இல்லை. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

இருபதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினால்தான் கோளாறு. மூன்று, இரண்டு, பிறகு வாய் தானாகப் போகிறது.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, பேனாவுக்கு ரீஃபில்.

செப். 13, சனி

மதியம் ரோசம்மாள் வந்தாள், அவருடைய தங்கை, அடுத்த தெரு. மரச்சீனிக் கிழங்கு அவித்து எடுத்து வந்தாள். தாள்களைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மைனி, இந்த வயசுல பரீட்சையா? ஃபெயிலானா ஆறாங் கிளாஸ்ல சேக்கமாட்டாவளோ?"

"சேக்கவே வேண்டாம். ஹோம்ல சேத்திருவானாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "நாந்தான் டாக்டர். எண்ணுங்க."

எண்ணினேன். லாபம்.

"ஒண்ணு மைனி. ஒண்ணு. நாக்குல முள்ளா குத்துகு?"

மறுபடியும். லாபம்.

"ஏட்டி, நீ எண்ணு பாப்போம்" என்றேன். பெரிய ஆள் போல் நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணினாள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, லாபம். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ எங்க குடும்பத்துக்கே மறதிதான் மைனி. எல்லாத்தையும் லாரில ஏத்திக் கொண்டுபோவச் சொல்லுங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் போல. கன்னம் வலித்தது.

போகும்போது வாசலில் நின்றாள். "அண்ணன் அளக்கச்சில அடுத்த மரக்கால் விழுறவரைக்கும் லாபம், லாபம், லாபம்னு பாடிக்கிட்டே இருக்கும். சர்ச்சுவரைக்கும் கேக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரத்தை வாங்காமலே போய்விட்டாள்.

செப். 14, ஞாயிறு

ஆராதனை. வெயில் கடுமை. போதகர் ஐயர் பிரசங்கம் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பாட்டுப் புத்தகத்தில் கடைசிப் பாட்டிலிருந்து பின்னால் புரட்டி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால்தான். எல்லாரும் போனார்கள். நான் குடையை விரித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஹோமுக்குப் போனால்தான் என்ன என்றும் வருகிறது. கட்டில் அங்கேயும் உண்டு. பிறகு, இந்த அடுக்களை ஜன்னலைத் திறக்க ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வேண்டாம். அது வேண்டாம் என்பது மட்டும் நிச்சயமாக இருக்கிறது. வேறு எதுவும் நிச்சயமாக இல்லை.

செப். 16, செவ்வாய்

வானம் மூடாப்பு. மழை இல்லை.

காலையிலிருந்து ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டே வேலை. கோலிக்குத் தண்ணீர் காட்டிக் கட்டினேன், ஒன்று. குடம் நிறைந்தது, ஒன்று. கோலி என்பது ரோசம்மாள் வீட்டு ஆடு, அவள் சந்தைக்குப் போனால் இங்கே.

சாயந்திரம் ஜெனியிடம் எண்ணிக் காட்டினேன். வந்துவிட்டது. முழு நட்சத்திரம்.

"பாட்டி, நாளைக்கு கால்குலேட்டர் கொண்டுபோவக் கூடாது கேட்டியளா."

"ரோசம்மா பாட்டி கொண்டு வாறேங்கா. சேலைக்குள்ள ஒளிச்சு வச்சி."

அந்தப் பக்கம் ஜெயசிங் சிரிக்கிற சத்தம். ரொம்ப நாளாயிற்று அது கேட்டு.

செப். 17, புதன்

முதல் பஸ்ஸில் நாகர்கோவில். ரோசம்மாளும். ஜன்னல் சீட்டு அவளுக்கு, வாந்தி வரும் என்பதால்.

பலகையில் பேர் வர நேரமானது. டாக்டரம்மா அதே வெள்ளைக் கோட்டு, தலைவலி போல் முகம். கூட்டல், கழித்தல் தாளில் போட்டேன். மேலே உள்ளதை வெட்டினேன், ஜெனி சொன்ன மாதிரி. ஏழு ஏழாகக் கழித்தேன். 65-இல் போதும் என்றாள். நான் 58 சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

பிறகு இருபது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு.

களத்துச் சத்தம் வந்தது. அவர் குரல் இல்லை, நெல் மரக்காலில் விழுகிற சத்தம் மட்டும். டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஒண்ணு" என்றேன்.

"வெரி குட் பாட்டி. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. நல்லாத் தூங்குங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க."

வெளியில் ரோசம்மாள் எழுந்து நின்றாள். "சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்."

அவள் பஸ் ஸ்டாண்டில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கினாள். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஜெயசிங் போன்: "நல்லதாப் போச்சும்மா. வீட்டுலயே இருங்க." சரி மக்கா என்றேன். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம் என்று தெரிந்தது.

செப். 18, வியாழன்

மழை. முதலில் தூறல், பிறகு நன்றாக.

காலை ஜெபம். ஷைனி, அபினேஷ், ஜெனி. கடைசியில் என் பேரையும் சேர்த்தேன், பாஸ் என்று. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருந்தேன்.

உலைக்கு அரிசி அளந்தேன். அவர் இருந்தபோது இரண்டு உழக்கு. லாபம், இரண்டு. பிறகு ஒரே உழக்குதான், ஆனாலும் லாபம் என்றுதான் போட்டுவந்தேன். இன்று "ஒண்ணு" என்று வந்தது. உழக்கைப் பானைமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். அரிசியைத் திரும்பக் கொட்டி, மறுபடி அளந்தேன். மறுபடியும் ஒண்ணு. நன்றாகப் பழகிவிட்டேன். பழையது இனி தானாக வராது போல, நான் கொண்டுவந்தால்தான்.

கொண்டுவந்தேன். சத்தமாக. இன்னொரு உழக்கும் போட்டேன். மிஞ்சினால் ரோசம்மாளுக்கு.

முருங்கைக் கொப்பை எடுத்துப் போட்டேன், நனைந்துகொண்டே. பால்காரனிடம் இன்னும் சொல்லவில்லை.

மழை விட்டதும் வேதப்புத்தகத்தை எடுத்தேன். சங்கீதத்தில் ஓட்டைப் பல்லோடு ஜெனி. ஓரம் மஞ்சளாகிவிட்டது.

ராத்திரி ஜெயசிங்கிடம் சொல்ல: ஜெனியின் புதுப் போட்டோ வேண்டும். போனில் வேண்டாம். கடையில் அச்சடித்து, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் போடு. பல் தெரிகிற மாதிரி சிரிக்கச் சொல். எப்போதும் போல இரண்டு போடு மக்கா.