என் பெயரில் ஒரு மீன்

மார்ச் 3, திங்கள். கரோல் பாக்

இதில் நான் எழுதப்போவதை டெல்லியில் ஒரு ஜீவனும் நம்பாது என்று யமுனை மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். பத்மநாபனாகிய நான் சிரஞ்சீவி ஆகப்போகிறேன்! அக்கா பெண் சுபிக்ஷா, ஐந்து கோடி வருஷங்களுக்கு முன் கடலில் நீந்தி, செத்து, கல்லாகிப்போன மீன்களை ஆராய்கிறாள். கொடுவா மீனுக்குத் தூரத்து உறவு. அவளிடம் இரண்டு கல், இரண்டு புது இனம். இரண்டாவதற்கு என் பெயர்! மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்தும் வம்சத்தில் இப்படியொரு பேறு.

மாலைக்குள் மார்க்கெட் முழுக்கச் சொல்லியாயிற்று. மீன் மெட்ரோ ரயில் நீளம். அதைக் கண்டால் சுறா எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

“கறிகாய் வாங்கிண்டு வரச்சொன்னா புளுகு வித்துட்டு வரேளே” என்றாள் என் மனைவி ருக்மிணி.

மார்ச் 5

போனில் சுபி: “மாமா, உங்க மீன் என் உள்ளங்கை நீளம்தான். ப்ளீஸ், மானத்தை வாங்காதேங்கோ.”

மார்க்கெட்டில் திருத்தம் வெளியிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முனிர்கா பக்கம் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன், என் மீனைத் தரிசிக்க.

“இதுக்கு அடித்துடுப்புல மூணு முள்ளு, செவுள் மூடி வழவழ. உங்களுதுக்கு ரெண்டே முள்ளு, ஆனா செவுள் மூடி ஓரம் ரம்பம் மாதிரி. அதான் வேற வேற இனம்.”

நாலு வருஷ உழைப்பு. கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. முதல் கல் இங்கேயே அலமாரியில் கிடந்தது. என்னுடையது வேறு ஊரிலிருந்து இரவலாக வந்தது. யாரோ ஓரம் வெட்டிச் சட்டம் கட்டி வைத்திருந்ததை, படம் எடுப்பதற்காக நேற்றுதான் கழற்றினாளாம்.

ஒன்று இடது பக்கம் பார்க்கிறது, மற்றது வலது பக்கம். என் கை சும்மா இருக்குமா?

“பொண்ணும் மாப்பிள்ளையும் முகத்தைத் திருப்பிண்டு நிக்கறதேடி! இரு, முகூர்த்தத்தை நடத்திடறேன்” என்று ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் கவிழ்த்தேன்.

“ஐயோ, கீழ வைங்கோ மாமா—”

டக்.

டிபன் டப்பா மூடி உட்கார்ந்த மாதிரி. அசையவில்லை. நான் இளித்தேன். அவள் இளிக்கவில்லை.

ஒரே மீன். கல் நடுவில் பிளந்தபோது மூன்றாவது முள் அந்தப் பாதியில் ஒட்டிக்கொண்டது. ரம்ப ஓரம் இந்தப் பாதியில்.

“எதிரெதிரா இருக்கறது கண்ல பட்டுண்டேதான் இருந்தது மாமா. சேர்த்துப் பாக்கணும்னு தோணலை.”

மார்ச் 10

சே! என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்? கையைக் கட்டிண்டு நிக்கத் தெரியாதா இந்தக் கிழத்துக்கு?

மார்ச் 12

இரண்டு இனம் ஒன்றாகிவிட்டாலும் அந்த ஒன்றாவது புதிதாக மிஞ்சாதா என்று கேட்டேன். மூன்று முள்ளும் ரம்ப ஓரமும் சேர்ந்திருந்தால் அது எப்போதோ பெயர் வைத்த மீனாம். இரண்டும் போயிற்று.

“உனக்கும் எனக்கும்தானே தெரியும் சுபி? நான் ஊரைக் கூட்டிச் சொன்னாலும் எவன் நம்புவான்?”

“நான் கேட்டேனே மாமா, அந்தச் சத்தத்தை.”

கட்டுரையைத் திரும்பப் பெற எழுதிவிட்டாள்.

மார்ச் 14

ஹோலி. கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

புதிதாகத் தொடங்க இனி அவகாசம் இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஆய்வை விட்டுவிட்டு, முனிர்காவில் தங்கியிருந்த அறையைக் காலி செய்தாள். பெட்டியை நான்தான் தூக்கினேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பும் வழியில் காய்கறிக்காரன், “பாபுஜி, உங்க மீன் என்ன ஆச்சு?” என்று இந்தியில் கேட்டான். நானே கொன்றுவிட்டேன், ஒரே கையால், என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

மெட்ரோ நீளம், சுறாவின் வணக்கம், சிரஞ்சீவி, எல்லாம் என் சரக்கு. அந்த ‘டக்’ மட்டும் நிஜம்.