முந்திரி ஆலை அக்காவின் பெயர்

பிப். 9, திங்கள்

மூடுபனி. கீஸர் போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் குளியல், பல் இன்னும் தந்தியடிக்கிறது.

வியாழன் அன்று பல்கலைக்கழகத்தில், எங்கள் துறையில் ஆப்பிரிக்க நாள். என் தலையில் விழுந்தவை:

– ஐம்பத்து நான்கு நாட்டுக் கொடிகள். வந்தது ஐம்பத்து மூன்று. எது விட்டுப்போனது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும்.
– டெல்லி சாணக்யபுரித் தூதரகங்களுக்கு அழைப்பிதழ். தூதரகத்துக்காரர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், நம் ஆட்கள்தான் வரமாட்டார்கள்.
– விருந்தினர் பை: பேனா, நோட்டு, முந்திரிப் பொட்டலம். முந்திரி, சாப்பாடு, மேடை எல்லாம் ஒரு கம்பெனியின் உபயம்.
– என் கட்டுரை. இருபது நிமிடம்.

கட்டுரை அதே கம்பெனியின் தான்சானியா முந்திரி ஆலையைப் பற்றியது. ஆலையின் பெயர் போடவில்லை, அதனால் பயமில்லை என்று துறைத்தலைவர் வெ. சார் சொல்லிவிட்டார். போன வெள்ளிக்கிழமையே துறை இணையதளத்தில் ஏற்றியும் விட்டார்.

20ஆம் தேதி நிரந்தர வேலைக்கு நேர்முகம். ஆறு வருடம் கெஸ்ட் லெக்சரர். தேர்வுக் குழுவில் வெ. சார்.

மாலை நீமாவிடமிருந்து செய்தி. (ஆய்வுக்குப் போனபோது அங்கே எனக்கு மொழிபெயர்த்த பெண்.) "கட்டுரையை யார் வெளியே விட்டது? உடனே கூப்பிடு." கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப். 10, செவ்வாய்

நீமா கிடைத்தாள். ஆலை மேனேஜர் கட்டுரையை அச்செடுத்து மேஜையில் வைத்திருக்கிறாராம். 'அமினா' யார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறாராம்.

அமினா நான் வைத்த பெயர். அரசு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கையுறை கொடுப்பார்கள், அவர் கார் ஏறியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும் என்று சொன்னது அந்த ஆலையில் வேலை செய்யும் மரியாமு அக்கா. பெயரை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஏழாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: "தரம் பிரிக்கும் பிரிவின் ஒரே பெண் மேஸ்திரி, இடது கையில் இரண்டு விரல்கள் இல்லாதவர்."

எங்கள் விருதுநகர்த் தெருவில் இப்படிச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். இதற்கு ஒரு முனைவர் பட்டம்.

வெ. சாரிடம் ஓடினேன். டெல்லியிலேயே பிறந்தவர், தமிழும் இந்தியும் கலந்துதான் வரும்.

"அரே, பேரு எங்க இருக்கு, காட்டு பாப்போம்?"

"ஆளு தெரியுது சார். அங்க எல்லாருக்கும் தெரியும்."

"எதிக்ஸ் கமிட்டி பாஸ் பண்ணியாச்சு. இப்ப எடுத்தா தப்பு பண்ணோம்னு நாமளே ஒத்துண்ட மாதிரி. உனக்கு இருபதாம் தேதி இன்டர்வியூ இருக்கு. சும்மா டென்ஷன் பண்ணிக்காதே. ஜாவோ, கொடி வேலையைப் பாரு."

கொடியைப் பார்த்தேன். விட்டுப்போனது தான்சானியா இல்லை. இந்த நேரத்தில் அதைத் தேடிப் பார்த்தேன் என்பதே அசிங்கம்.

பிப். 11, புதன்

விடிந்ததும் கம்ப்யூட்டர் அறை பையாவுக்கு (இங்கே அண்ணனுக்கு அப்படித்தான்) போன் செய்து கட்டுரையை எடுக்கச் சொன்னேன். வெ. சாரின் மெயில் இல்லாமல் தொடமாட்டாராம். அவர் மேல் தப்பில்லை.

என் வீட்டுக்காரர் சரவணனிடம் சொன்னேன். நொய்டா பஸ்ஸைப் பிடிக்க ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்: "எல்லார்கிட்டயும் பேசிட்ட. அந்தக்காகிட்ட பேசுனியா?"

பேசவில்லை. மூன்று நாளாக. பயம்.

இரவு நீமா வீட்டிலிருந்து அக்கா போனில் வந்தார். என் சுவாஹிலி பாதி, நீமாவின் ஆங்கிலம் பாதி. திட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். அழுதுவிட்டேன். பிறகு சொன்னார்:

"அன்னைக்கு நீ பேப்பர் நீட்டினப்ப, என் பேரப் போடுன்னு சொன்னேன். எங்கப்பா பேரோட, எங்க தாத்தா பேரோட. நீதான் யுனிவர்சிட்டி விதி, கூடாதுன்ன."

உண்மை. சொன்னார். அந்த ஒப்புதல் படிவத்தில் 'பெயர் மறைக்கப்படும்' என்ற வரிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று டிக் அடிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. நல்லது செய்கிறேன் என்று நானே அவருக்கு விளக்கினேன்.

"இப்ப அடி மட்டும் எனக்கு, பேரு இல்ல. வெள்ளிக்கிழமை காலைல மேனேஜர் எல்லாரையும் கூட்டுறாரு. அதுக்குள்ள, நாளைக்கு உங்க விழாவுல உங்க ஊர்ப் பெரியவங்க முன்னால என் பேரச் சொல்லிடு. அங்க தெரிஞ்சுபோச்சுன்னா இங்க என்னைச் சத்தமில்லாம அனுப்ப முடியாது. சொல்றியா?"

"சொல்றேன் அக்கா."

"முழுப் பேரு."

மரியாமு பிந்தி சலும் ஹமிசி. (பிந்தி என்றால் மகள்.) மூன்று முறை சொல்லவைத்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி.

பிப். 12, வியாழன்

வெயில். கொடி 54. டீ ஆறிவிட்டது. மைக் ஊளையிட்டது.

கம்பெனி ஆள் முதல் வரிசை. சாம்பல் கோட்டு, நல்ல முகம். மடியில் பொட்டலத்தைப் பிரித்து முந்திரியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். மேடை ஏறும்போது வெ. சார் காதருகில், "ஒன்லி ஃபைண்டிங்ஸ். கதை எல்லாம் வேண்டாம், அச்சா?" தோளில் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார்.

ஏழாம் பக்கம் வந்தது. வாய் திறந்தது. "ஒரு பெண் தொழிலாளி கூறுகிறார்" என்றேன். தெளிவான ஆங்கிலத்தில். தடுமாறவே இல்லை.

அவ்வளவுதான். கைதட்டினார்கள். கோழை. வேறு சொல் தேடவேண்டாம்.

டீயின்போது கம்பெனி ஆள் வந்து, அவ்வளவு தூரம் தனியாகப் போயிருக்கிறீர்களே, பெரிய தைரியம் என்றார். நன்றி சொன்னேன். நன்றி!

வெ. சார்: "ஷாபாஷ். இருபதாம் தேதியும் இதே மாதிரி பேசு, போதும்."

நீமாவுக்கு எழுதவேண்டும். முடியவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். காலையில் எழுதலாம். மேனேஜர் கூட்டத்துக்கு முன்னால் கட்டாயம் எழுதிவிடலாம்.

பிப். 13, வெள்ளி

கண் விழித்தபோது ஒன்பதரை. அங்கே மணி ஏழு. கூட்டம் ஏழுக்கு.

நீமாவை அழைத்தேன். ஐந்து முறை. எடுக்கவில்லை. "அக்காவை இன்று பேசவிடாதே" என்று செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை.

சரவணன் காபி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

11.05. நீமாவின் குரல் செய்தி. இரண்டு முறை கேட்டேன். மேனேஜர் மறுபடி கேட்டாராம், அமினா யார் என்று. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா எழுந்து நின்று, அமினா என்று யாரும் இல்லை, நான்தான் என்று சொல்லி அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் சேர்த்துச் சொன்னாராம். "நேத்தே டெல்லியில சொல்லியாச்சு, போய்க் கேட்டுக்கோ" என்றாராம். வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வருட வேலை.

இப்போது நீமா வீட்டில் டீ குடிக்கிறாராம். அழவில்லையாம். சந்தோஷமாகக்கூட இருக்கிறாராம்.

கடைசியில் நீமா: "அக்கா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. நீ பேரச் சொன்னப்ப அங்க யாராவது எழுதிக்கிட்டாங்களா?"